தசமக் கணக்கு: பால் ரசீதிலிருந்து பட்டா வரை

காலையில் சங்கத்துக்கு ஊற்றிய பாலில் கொழுப்பு 4.3. மாலைப் பாலில் 4.12. எந்த வேளைப் பால் கெட்டி? பன்னிரண்டு மூன்றைவிடப் பெரிது, அதனால் மாலைப் பால் என்று சொல்பவர்கள் பள்ளிப் பிள்ளைகள் மட்டும் இல்லை. காலைப் பால்தான் கெட்டி. 4.3 என்பது 4.30. முப்பதுக்கு எதிரே பன்னிரண்டு நிற்காது.

தசமத்தில் வரும் தப்புகளைக் கிளறிப் பார்த்தால் பெரும்பாலும் இந்த ஒரே வேரில் போய் நிற்கும். புள்ளிக்கு இந்தப் பக்கம் ஒரு எண், அந்தப் பக்கம் தனியாக இன்னொரு எண் என்று இரண்டாகப் பிரித்துப் படிக்கிறோம். இந்தப் பழக்கம் பணத்திலிருந்து வந்தது. 1957 ஏப்ரல் 1-ல் தசம நாணயம் வந்தபோது 16 அணா கொண்ட ரூபாய் 100 நயா பைசா ஆனது. ஒரு அணா என்றால் 6.25 காசு, அதனால்தான் நாலணாவுக்கு 25 காசும் எட்டணாவுக்கு 50 காசும் கணக்காக வந்தன. அன்றிலிருந்து ரூபாய்க்குப் பின்னால் எப்போதும் இரண்டே இடம். 4.12 ரூபாயை ‘நாலு ரூபாய் பன்னிரண்டு காசு’ என்று படித்தால் ஒரு நஷ்டமும் இல்லை. அதே வாயோடு தராசுக்கும் பட்டாவுக்கும் போகும்போதுதான் இடிக்கிறது.

புள்ளி எதைக் காட்டுகிறது

345 என்ற எண்ணில் 3 நூறு, 4 பத்து, 5 ஒன்று. வலப்பக்கம் போகப்போக ஒவ்வொரு இடமும் முந்தின இடத்தில் பத்தில் ஒரு பங்கு. ஒன்றாம் இடத்தோடு வரிசை நிற்க வேண்டிய அவசியம் இல்லை. ஒன்றைப் பத்தாகப் பங்கிட்டால் பத்தில் ஒன்று, அதைப் பத்தாகப் பங்கிட்டால் நூறில் ஒன்று, மறுபடியும் பங்கிட்டால் ஆயிரத்தில் ஒன்று. ஒன்றாம் இடம் இதோடு முடிந்தது என்று காட்டத்தான் புள்ளி. அதற்கு வேறு வேலை கிடையாது.

ஆகவே 4.12-க்குள் பன்னிரண்டு என்று எதுவும் இல்லை. நாலு ஒன்று, ஒரு பத்தில் ஒன்று, இரண்டு நூறில் ஒன்று. படிக்கும்போது ‘நாலு புள்ளி ஒன்று இரண்டு’ என்று இலக்கம் இலக்கமாகப் படிக்க வேண்டும். பிள்ளைக்கு வீட்டில் சொல்லிக்கொடுப்பவர்கள் முதலில் திருத்த வேண்டியது இதைத்தான். வாய் ‘பன்னிரண்டு’ என்று சொல்லிவிட்டால் கையும் பன்னிரண்டாகவே கணக்குப் போடும்.

இரண்டு தசம எண்களை ஒப்பிட, கடைசியில் பூஜ்ஜியம் போட்டு இரண்டுக்கும் இடங்களைச் சமமாக்குங்கள். பிறகு புள்ளியை மறந்துவிட்டு ஒப்பிடலாம். கிருஷ்ணகிரி அணையின் மொத்த உயரம் 52 அடி. நீர்மட்டம் 50.05 அடியிலிருந்து 50.5 அடிக்கு ஏறியதாகச் செய்தி வந்தால், இரண்டும் ஒன்றுபோலத்தான் என்று கடந்துவிடக் கூடாது. 50.05-க்கு எதிரே 50.50 என்று எழுதிப் பார்த்தால் ஏற்றம் 0.45 அடி. அதை 12-ஆல் பெருக்கினால் 5.4 அங்குலம். பரந்து கிடக்கும் ஏரி நீருக்கு இது சின்ன ஏற்றம் இல்லை.

தராசில் வரும் பூஜ்ஜியம்

எலக்ட்ரானிக் தராசு கிலோவை மூன்று இடத்துக்குக் காட்டும், ஏனென்றால் 1 கிலோ 1000 கிராம். இங்கே ஒவ்வொரு பூஜ்ஜியமும் எங்கே நிற்கிறது என்பதுதான் பேச்சு.

2.500 என்றால் 2 கிலோ 500 கிராம்.
2.050 என்றால் 2 கிலோ 50 கிராம்.
2.005 என்றால் 2 கிலோ 5 கிராம்.

‘2 கிலோ 50 கிராம்’ என்பதை நோட்டில் 2.50 என்று எழுதுவதுதான் கடைகளில் அதிகம் நடக்கும் தப்பு. கொட்டை எடுத்த புளி கிலோ 150 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 2.05-க்கு விலை 307.50. 2.50-க்கு 375. ஒரு பூஜ்ஜியம் இடம் மாறியதற்கு 67.50 ரூபாய். கிராமைக் கிலோவாக எழுதும்போது எப்போதும் மூன்று இலக்கமாக நிரப்பி எழுதுங்கள்: 50 கிராம் 050, 5 கிராம் 005. பிறகு முன்னால் புள்ளி வையுங்கள்.

எந்த பூஜ்ஜியத்தை விடலாம், எதை விடக்கூடாது? புள்ளிக்குப் பின்னால், கடைசியில் நிற்பதை விடலாம். 2.500-ம் 2.5-ம் ஒரே எடை. புள்ளிக்கும் இலக்கத்துக்கும் நடுவில் நிற்பதைத் தொடக் கூடாது. பால் மானியில் 28 என்று காட்டினால் பாலின் அடர்த்தி 1.028. நடுவில் இருக்கும் பூஜ்ஜியத்தை விட்டு 1.28 என்று போட்டால் 8.5 லிட்டர் பால் 10.88 கிலோ ஆகிவிடும். சரியான விடை 8.5 × 1.028 = 8.738 கிலோ. லிட்டர் எண்ணும் கிலோ எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றாக வர வேண்டும், கிலோ கொஞ்சம்தான் கூடும் என்று தெரிந்தவருக்கு 10.88-ஐப் பார்த்ததுமே உறுத்தும்.

அரை என்பதை .5 என்று எழுதாமல் 0.5 என்று எழுதுங்கள். கையெழுத்தில் புள்ளி அழிந்தால் .5 வெறும் 5 ஆகிவிடும். குழந்தைக்கான மருந்து அளவில் இது விளையாட்டுக் காரியம் இல்லை. அங்கே 5.0 என்று எழுதுவதும் தப்பு, புள்ளி மங்கினால் 50 என்று படிப்பார்கள். முன்னால் பூஜ்ஜியம் வேண்டும், பின்னால் தேவையில்லாத பூஜ்ஜியம் கூடாது.

கூட்டலும் கழித்தலும்

இரண்டுக்கும் ஒரே விதி: புள்ளிக்கு நேர் கீழே புள்ளி. முழு எண்களைக் கூட்டும்போது வலது ஓரத்தை ஒட்டி எழுதிப் பழகியிருக்கிறோம். தசமத்திலும் அப்படியே ஓரம் ஒட்டினால் பத்தில் ஒன்றோடு ஆயிரத்தில் ஒன்றைக் கூட்டுகிறோம் என்று அர்த்தம்.

பட்டுக்கூட்டை மூன்று தடவையாக நிறுத்ததில் 18.6, 22.45, 7.085 கிலோ வந்தது என்று வைத்துக்கொள்வோம்.

18.600
22.450
07.085
———
48.135

ஓரம் ஒட்டி எழுதிக் கூட்டியவருக்கு 9516 என்று வரும், அதில் எங்கோ ஒரு புள்ளியை வைப்பார். 9.516 என்று வைத்தால் முதல் நிறுவையே 18 கிலோ இருக்கிறதே என்று கேட்க வேண்டும். 95.16 என்று வைத்தால் மூன்றையும் 19 + 22 + 7 என்று மனசில் கூட்டிப் பார்க்க வேண்டும். 48-க்குப் பக்கத்தில் வராத எதுவும் விடை இல்லை.

கழித்தலில் வேறொரு பள்ளம் இருக்கிறது. பாலக்கோடு, ராயக்கோட்டை பக்கம் தக்காளியைக் கிரேட்டோடு நிறுத்துவிட்டுப் பிறகு வெறும் கிரேட்டின் எடையைக் கழிப்பார்கள். மொத்தம் 26.4, வெறும் கிரேட் 1.85. மேலே நூறில் ஒன்றாம் இடம் காலியாக இருக்கிறது, கீழே 5 இருக்கிறது. ‘மேலே ஒன்றும் இல்லையே’ என்று அந்த 5-ஐ அப்படியே இறக்கிவிட்டால் விடை 24.65 என்று வரும். காலி இடம் என்றால் பூஜ்ஜியம். 26.40 என்று எழுதி, பக்கத்தில் கடன் வாங்கி, 10-லிருந்து 5-ஐக் கழிக்க வேண்டும். சரியான விடை 24.55. வித்தியாசம் கிரேட்டுக்கு 100 கிராம், 40 கிரேட் ஏற்றினால் 4 கிலோ.

முழு எண்ணிலிருந்து கழிக்கும்போது வரிசையாகக் கடன் வாங்குவது பிள்ளைகளைக் குழப்பும். 50 − 7.385 போட வேண்டுமா? இரண்டு பக்கமும் 0.001 குறைத்துக்கொள்ளுங்கள். 49.999 − 7.384. இப்போது ஒரு இடத்திலும் கடன் இல்லை, விடை 42.615. இரண்டிலும் ஒரே அளவு குறைத்தால் வித்தியாசம் மாறாது.

பெருக்கல்

பள்ளியில் சொல்லித்தரும் விதி எளிது. புள்ளியை விட்டுவிட்டு முழு எண்களாகப் பெருக்கு, இரண்டு எண்களிலும் புள்ளிக்குப் பின்னால் மொத்தம் எத்தனை இலக்கம் என்று எண்ணு, விடையில் வலமிருந்து அத்தனை இலக்கம் தள்ளிப் புள்ளி வை. விதி சரிதான். ஆனால் அதை மட்டும் நம்புகிறவர்கள் அடிக்கடி சறுக்குகிறார்கள். உத்தேசத்தை முதலில் போடுவதே மேல்.

6.4 லிட்டர் பால், லிட்டர் 35.75 ரூபாய். உத்தேசம்: 6 × 36 = 216, அதற்கு மேல் கொஞ்சம். இனி 64 × 3575 = 228800. தசம இடங்கள் ஒன்றும் இரண்டும் மூன்று. 228.800, அதாவது 228 ரூபாய் 80 காசு. இங்கே சிலர் ‘கடைசி பூஜ்ஜியம் இரண்டும் சும்மாதானே’ என்று முதலிலேயே அடித்துவிட்டு 2288-ல் மூன்று இடம் எண்ணி 2.288 என்று வைப்பார்கள். அந்த பூஜ்ஜியங்கள் இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. புள்ளி வைத்த பிறகு அடிக்கலாம், அதற்கு முன் கூடாது. உத்தேசம் 216 என்று ஓரத்தில் எழுதி வைத்தவர் 2.288-ஐ ஒருபோதும் விடையாக ஏற்க மாட்டார்.

0.3 × 0.2 எவ்வளவு? 0.6 என்று வாயில் வந்துவிடும். நிலத்தில் வைத்துப் பாருங்கள். 0.3 ஏக்கர் என்றால் 30 சென்ட். அதில் 0.2 பங்கு, அதாவது பத்தில் இரண்டு பங்கு, 6 சென்ட். 6 சென்ட் என்பது 0.06 ஏக்கர். பத்தில் ஒன்றை மறுபடியும் பத்தாகப் பங்கிட்டால் நூறில் ஒன்று, அதனால்தான் இடங்களைக் கூட்டுகிறோம். விதியின் காரணமே இதுதான். தெரிந்துகொண்டால் விதியை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

ஒன்றைவிடச் சின்ன எண்ணால் பெருக்கினால் விடை குறையும். ‘பெருக்கினால் பெருகும்’ என்ற நம்பிக்கை முழு எண்களோடு முடிந்துவிட்டது. முக்கால் கிலோ கேழ்வரகு மாவு, கிலோ 60 ரூபாய் என்றால் 0.75 × 60 = 45. பிள்ளை இந்த இடத்தில் தடுமாறினால் ‘முக்கால் கிலோவுக்கு 60-க்கு மேல் கொடுப்பாயா?’ என்று கேட்டால் போதும்.

10, 100, 1000-ஆல் பெருக்கும்போது ‘ஒரு பூஜ்ஜியம் சேர்’ என்று சொல்லிக்கொடுக்காதீர்கள். 3.75-க்குப் பின்னால் பூஜ்ஜியம் சேர்த்தால் 3.750, அதே எண்தான். ஒவ்வொரு இலக்கமும் ஒரு இடம் மேலே ஏறுகிறது என்று சொல்லுங்கள்: 3.75, 37.5, 375. வகுத்தால் இறங்குகிறது.

மருந்துத் தெளிப்பில் இது கைச்செலவோடு பயிரையும் தொடும். லேபிளில் லிட்டருக்கு 0.3 மி.லி. என்று போட்டிருந்தால் 16 லிட்டர் தெளிப்பானுக்கு 16 × 0.3 = 4.8 மி.லி. புள்ளியைக் கவனிக்காமல் லிட்டருக்கு 3 என்று எடுத்தால் 48 மி.லி., பத்து மடங்கு. மாந்தோப்பில் பூக்கும் நேரத்தில் அந்த அளவை ஊற்றிவிட்டுப் பிறகு மருந்துக் கடைக்காரரைக் கேட்டு என்ன பயன்? மூடியால் அளக்காமல் மி.லி. கோடு போட்ட சிரிஞ்சால் அளந்தால் 4.8-ஐ உண்மையிலேயே எடுக்கலாம்.

பால் ரசீதில் இருக்கும் எஸ்.என்.எப். எண்ணையும், அதாவது கொழுப்பு நீங்கலாகப் பாலில் உள்ள திடப்பொருளின் சதவீதத்தையும், நீங்களே சரிபார்க்கலாம். வழக்கமான சூத்திரம்: மானி எண்ணை 4-ஆல் வகுத்து, கொழுப்பை 0.2-ஆல் பெருக்கிக் கூட்டி, கடைசியில் ஒரு நிலை எண்ணைச் சேர்ப்பது. அந்த நிலை எண் பயன்படுத்தும் மானியைப் பொறுத்து மாறும், உங்கள் சங்கத்தில் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். 0.36 என்று வைத்தால், மானி 28, கொழுப்பு 4.3-க்கு: 28 ÷ 4 = 7; 0.2 × 4.3 = 0.86, 7 + 0.86 + 0.36 = 8.22. 0.2 × 4.3-ஐ 8.6 என்று போட்டவருக்கு 15.96 வரும். பசும்பாலில் அப்படி ஒரு எண் கிடையாது.

சராசரி கொழுப்பு எடுக்கும்போதும் கவனம் வேண்டும். காலை 5 லிட்டர் 4.2, மாலை 3 லிட்டர் 5.0. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 4.6, அது தப்பு. காலைப் பால்தான் அதிகம், அதனால் அதன் இழுப்பும் அதிகம். 5 × 4.2 = 21, 3 × 5.0 = 15, ஆக 36. எட்டு லிட்டரால் வகுத்தால் 4.5.

வகுத்தல்

தசமத்தால் வகுக்க வேண்டி வந்தால், வகுக்கும் எண்ணை முழு எண்ணாக மாற்றுங்கள். அதற்கு எத்தனை மடங்கு பெருக்கினீர்களோ, வகுபடும் எண்ணையும் அதே மடங்கு பெருக்க வேண்டும். 13.5 லிட்டர் நல்லெண்ணெயை 0.75 லிட்டர் பாட்டிலில் நிரப்பினால் எத்தனை பாட்டில்? 13.5 ÷ 0.75 என்பது 1350 ÷ 75, விடை 18. இரண்டையும் மில்லிலிட்டருக்கு மாற்றுவதும் இதே வேலைதான்: 13500 ÷ 750. கீழே இரண்டு இடம் தள்ளி மேலே ஒரு இடம் மட்டும் தள்ளினால் 135 ÷ 75 = 1.8 என்று வரும். பதின்மூன்றரை லிட்டர் எண்ணெய் இரண்டு பாட்டிலுக்குள் அடங்காது.

ஈவின் நடுவில் வரும் பூஜ்ஜியத்தை விடுவது இன்னும் ஆபத்து. 6.12 ஏக்கரை மூன்று பேர் பாகம் பிரிக்கிறார்கள். 6-ல் 3 இரண்டு தடவை. புள்ளியை மேலே ஏற்றுங்கள். அடுத்து 1. அதில் 3 போகாது. போகாத இடத்தில் 0 எழுத வேண்டும், இங்கேதான் பலர் எழுதாமல் தாண்டுகிறார்கள். பிறகு 2-ஐ இறக்கினால் 12, அதில் 3 நான்கு தடவை. விடை 2.04, அதாவது ஆளுக்கு 2 ஏக்கர் 4 சென்ட். பூஜ்ஜியத்தைத் தாண்டியவர் 2.4 என்று எழுதி ஆளுக்கு 2 ஏக்கர் 40 சென்ட் கொடுப்பார். மூன்றால் பெருக்கிப் பாருங்கள், 7.20 ஏக்கர். இல்லாத 1 ஏக்கர் 8 சென்ட் யார் நிலத்திலிருந்து வரும்? வகுத்த விடையைத் திரும்பப் பெருக்கிப் பார்க்கிற பழக்கம் இருந்தால் இந்தத் தப்பு காகிதத்தோடு நின்றுவிடும்.

ஒன்றைவிடச் சின்ன எண்ணால் வகுத்தால் விடை ஏறும். 15 ÷ 0.25 = 60. பதினைந்து லிட்டரில் எத்தனை கால் லிட்டர் என்று கேட்டால் யாருக்கும் இதில் சந்தேகம் வராது.

கால் 0.25, அரை 0.5, முக்கால் 0.75, அரைக்கால் 0.125, வீசம் 0.0625. இவை முடியும் தசமங்கள். மூன்றில் ஒன்று 0.333 என்று முடியாமல் ஓடும். பின்னத்தை முழுதும் சுருக்கிய பிறகு, பகுதியில் 2, 5 தவிர வேறு பகா எண் ஒளிந்திருந்தால் தசமம் முடியாது. 100 ரூபாயை மூன்று பேருக்குப் பங்கிட்டால் 33.33 வீதம் 99.99தான் வரும். மிச்ச ஒரு காசுக்கு யாரும் சண்டை போடப் போவதில்லை.

சதவீதம், வட்டி, சேதாரம்

சதவீதத்தைத் தசமமாக்க 100-ஆல் வகுக்க வேண்டும்: 12.5% என்றால் 0.125, 8% என்றால் 0.08. ஒற்றை இலக்கச் சதவீதத்தில்தான் தடுமாற்றம். 8%-ஐ 0.8 என்று எழுதினால் அது 80%. 12.480 கிராம் நகைக்கு 8% சேதாரம் 12.480 × 0.08 = 0.9984, கிட்டத்தட்ட ஒரு கிராம். 0.8-ஆல் பெருக்கினால் 9.984 கிராம், நகையே முக்கால்வாசி போய்விடும். ஒரு சவரன் 8 கிராம் என்பதால் அந்த நகை 12.480 ÷ 8 = 1.56 சவரன். ‘ஒன்றரைப் பவுன்’ என்று வாயால் சொல்லலாம், பில்லில் 0.06 சவரனுக்கும் காசு உண்டு.

‘நூற்றுக்கு ஒன்றரை வட்டி’ என்றால் மாதத்துக்கு 1.5%, அதாவது 0.015. 40,000 ரூபாய்க்கு மாதம் 600. இதையே 0.15 என்று போட்டால் 6,000 ஆகும், அப்படி யாரும் கடன் வாங்க மாட்டார்கள். வருடத்துக்கு 18% என்பதை மட்டும் மறக்காதீர்கள், வங்கிக்காரர் சொல்லும் வட்டி வருடக் கணக்கு.

எங்கே சுருக்குவது

இரண்டு இடத்துக்குச் சுருக்க, மூன்றாம் இடத்தை மட்டும் பாருங்கள். 5 அல்லது அதற்கு மேல் என்றால் முந்தின இலக்கத்தில் ஒன்று கூட்டுங்கள், இல்லையென்றால் வெட்டிவிடுங்கள். 4.347 → 4.35. 4.3449 → 4.34. இதைக் கடைசியிலிருந்து படிப்படியாக 4.345, பிறகு 4.35 என்று ஏற்றிக்கொண்டு வரக்கூடாது. ஒரே தடவைதான் சுருக்க வேண்டும், அதுவும் கடைசி விடையில். நடுவில் சுருக்கினால் என்ன ஆகும் என்று பட்டாவில் பார்ப்போம்.

புள்ளி இருந்தும் தசமம் இல்லாதவை

பத்துப் பத்தாகப் பிரியாத எதற்கும் இந்த விதிகள் செல்லாது.

மணி 60 நிமிடம். டிராக்டர் 2 மணி 20 நிமிடம் உழுதது, மணிக்கு 1,200 ரூபாய். 2.20 × 1200 என்று போனில் தட்டினால் 2,640. சரியான கணக்கு: 20 நிமிடம் என்பது 20 ÷ 60 = 0.333 மணி, மூன்றில் ஒரு பங்கு. 2,400-ம் 400-ம் 2,800. ஓட்டுநர் 160 ரூபாய் இழக்கிறார். 2 மணி 45 நிமிடத்தை 2.45 என்று போட்டால் இன்னும் மோசம், அது 2.75.

அடி 12 அங்குலம். 10 அடி 6 அங்குலம் 10.5, 10.6 இல்லை. 12 அடி 3 அங்குலம் 12.25. அறையின் பரப்பு 10.5 × 12.25 = 128.625 சதுர அடி. 10.6 × 12.3 என்று போட்டால் 130.38. டைல்ஸ் வாங்கும்போது இரண்டு சதுர அடி பெரிதாகத் தெரியாது, ஆனால் 10 அடி 10 அங்குலத்தை 10.10 என்று தட்டுகிறவர் முக்கால் அடியைத் தொலைக்கிறார்: போன் அதை 10.1 என்று எடுத்துக்கொள்ளும், உண்மையில் 10.833. அங்குலத்தை 12-ஆல் வகுத்த பிறகே அடியோடு சேருங்கள். அணை நீர்மட்டச் செய்தியில் வரும் அடி மட்டும் தசம அடி, அதில் 0.5 என்பது அரை அடிதான்.

கிரிக்கெட்டில் ஓவருக்கு 6 பந்து. 15.4 ஓவர் என்பது 15 ஓவரும் 4 பந்தும். 120 ரன்னை 15.4-ஆல் வகுத்தால் 7.79 வரும். டிவியில் 7.66 என்று காட்டுவான், டிவி சொல்வதே சரி. 94 பந்தில் 120 ரன். போன் ஆப்பின் 4.10 பதிப்பு 4.9-ஐவிடப் புதியது, அதுவும் தசமம் இல்லை, வரிசை எண்.

பட்டாவில் ஹெக்டேர், ஏர்

பட்டாவில் பரப்பு ‘ஹெக் - ஏர்’ என்ற தலைப்பின் கீழ் 0 - 40.50 என்பதுபோல இருக்கும். கோட்டுக்கு இடப்பக்கம் ஹெக்டேர், வலப்பக்கம் ஏர். ஒரு ஹெக்டேர் 100 ஏர். 40.50 ஏர் என்பது 0.4050 ஹெக்டேர். 1 ஹெக்டேர் 2.471 ஏக்கர், ஆகவே இந்த நிலம் 0.4050 × 2.471 = 1.0008, ஒரு ஏக்கர்.

தடுமாற்றம் எங்கே? 1 - 05.00 என்று இருந்தால் அது 1.05 ஹெக்டேர், 2.59 ஏக்கர். கோட்டைப் புள்ளியாக நினைத்து, 05-ன் பூஜ்ஜியத்தையும் விழுங்கி 1.5 ஹெக்டேர் என்று படித்தால் 3.71 ஏக்கர். காகிதத்தில் மட்டும் 1 ஏக்கர் 11 சென்ட் கூடிவிடும். ஒற்றை இலக்க ஏரை இரண்டு இலக்கமாக நிரப்பி எழுதுங்கள், தராசில் கிராமுக்குச் செய்த அதே வேலை. 0 - 4.50 என்றால் 04.50, அதாவது 0.0450 ஹெக்டேர். ஏரை நேரே சென்டாக்கவும் 2.471-ஆல் பெருக்கினால் போதும், ஏனென்றால் ஹெக்டேருக்கு ஏர் நூறு, ஏக்கருக்குச் சென்டும் நூறு. 4.5 × 2.471 = 11.12 சென்ட்.

‘ஹெக்டேருக்கு இரண்டரை ஏக்கர்’ என்ற வாய்க்கணக்கு பேச்சுக்குச் சரி, பத்திரத்துக்குச் சரியில்லை. 3.85 ஹெக்டேரை 2.5-ஆல் பெருக்கினால் 9.625 ஏக்கர், 2.471-ஆல் பெருக்கினால் 9.513. வித்தியாசம் 11 சென்ட்டுக்கு மேல், ஏறக்குறைய 4,860 சதுர அடி. முன்கூட்டியே சுருக்கிய எண்ணைப் பெருக்கினால் சுருக்கின பிழையும் சேர்ந்து பெருகும்.

பல உட்பிரிவுகளைக் கூட்டும்போது ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஏக்கராக்கிச் சுருக்கிக் கூட்டாதீர்கள். முதலில் ஹெக்டேரிலேயே கூட்டிவிட்டு ஒரே தடவை மாற்றுங்கள்.

0.4050
0.7225
1.0500
———
2.1775

2.1775 × 2.471 = 5.3806 ஏக்கர். ஏக்கருக்கு 100 சென்ட் என்பதால் இங்கே மட்டும் ரூபாய்-காசு போலப் படிக்கலாம்: 5 ஏக்கர் 38 சென்ட். மிச்சம் 0.0006 ஏக்கர் 26 சதுர அடி. விவசாய நிலத்தில் அதை விட்டுவிடலாம். வீட்டுமனையில் விடக்கூடாது, அங்கே ஏக்கர் வழியாகவே போகாதீர்கள். 1 ஏர் 100 சதுர மீட்டர், 1 சதுர மீட்டர் 10.764 சதுர அடி. 1.25 ஏர் மனை என்றால் 125 சதுர மீட்டர், 125 × 10.764 = 1,345.5 சதுர அடி.